குறுக்கே வந்த ஆடு

எங்கள் பக்கத்தில் ஒரு நாய் இருக்கிறது. அதை இதுவரை நகராட்சி வண்டியால்கூடப் பிடிக்க முடியவில்லை. காலையில் சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒருவரைப் பைக்கோடு சாய்க்கும். மத்தியானம் திருப்போரூரில் இன்னொருவரின் தோள்பட்டையைக் கழற்றும். சாயங்காலம் மதுராந்தகம் ஏரிக்கரை வளைவில் காத்திருந்து மூன்றாவது ஆளின் முட்டியை உடைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்துவிடும். சிலர் அதைக் கறுப்பு என்பார்கள், சிலர் செவலை என்பார்கள். மற்றபடி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நாய் குறுக்க வந்துட்ச்சி மேடம்."

நான் செங்கல்பட்டில் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பிளேட் வைத்து, கட்டுப் பிரித்து, மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கை கால்களோடு வருகிறவர்களை மடக்கிவிடுவது என் வேலை. ஊரில் எனக்குப் பெயர் 'எக்ஸர்சைஸ் மேடம்'. வலிக்க வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று என் அக்கா வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் நாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நிஜமான நாய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாய் இல்லாமலே விழுந்தவர் யார் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கூட வந்திருக்கிற மனைவியின் முகத்தைப் பார்த்தால் போதும். கணவர் நாய் என்று ஆரம்பித்ததும் அந்த அம்மா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்ப்பார். ஒரு பெண்மணி ஒருமுறை பொறுக்க முடியாமல், "அந்த நாயி பாட்டிலுக்குள்ள இருந்து வந்துச்சின்னு சேத்துச் சொல்லு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்த மனிதரும் வலியை மறந்து சிரித்துவிட்டார்.

அந்த நாய்க்கு ஒரு தேவை இருக்கிறது. ஒருவர் அடிபட்டுப் படுத்தால் நம் ஊரில் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். உள்ளே நுழைந்ததும் "ஐயோ பாவம்" என்பார்கள். அடுத்த கேள்வி, "எப்படி ஆச்சு?" அந்தக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்துத்தான் முதலில் சொன்ன பாவம் நிலைக்குமா இல்லையா என்பது தெரியும். நாய் என்றால் கவலையில்லை. குடித்திருந்தேன், ராங் சைடில் வந்தேன், போன் பேசிக்கொண்டே ஓட்டினேன் என்று உண்மையைச் சொன்னால் முகம் மாறிவிடும். பாவம் போய் புத்திமதி வந்துவிடும். கொண்டுவந்த ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாவம் என்றால் அது நாம் செய்த தப்பு. பூசை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே யாரையாவது பார்த்துப் பாவம் என்றால் அது இரக்கம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்கிறோம். ஆனாலும் பாவம் செய்த ஆளைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல மட்டும் நமக்கு வாய் வருவதில்லை.

இத்தனை வருடம் கை கால்களை மடக்கியதில் எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. நாய் உள்ளவர்கள் சீக்கிரம் நடக்கிறார்கள். வீட்டில் நாலு பேர் ஐயோ என்று சொல்லக் கேட்டவர் என்னிடம் வந்து தாராளமாகக் கத்துவார், என்னைத் திட்டுவார், கத்திக்கொண்டே மடக்கிவிடுவார். "எனக்கு வேணும் மேடம், என் கொழுப்புக்கு இது வேணும்" என்று சொல்கிறவர் கத்த மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வார். விறைத்த சதையை மடக்க யாராலும் முடியாது. எங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு எக்ஸ்ரேயைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது மாமாவுக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் அப்பா அம்மா காலம் வரைக்கும் கழனி வேலைதான், அதுவும் அடுத்தவர் கழனி. அக்கா பத்தாவதோடு நின்று கம்பெனி வேலைக்குப் போனாள். நான் படித்தேன். படித்தேன் என்றால், திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் மாமா பைக்கில் பின்னால் உட்கார்ந்து தினமும் போய்ப் படித்தேன். அவர் வளைவில் வண்டியை ஓடவிட்டு, இரண்டு கையையும் எடுத்து, கண்ணாடியில் பார்த்துக் கோணலாக வகிடெடுத்துத் தலை சீவுவார். நான் முதுகில் குத்துவேன். "ஏ பாப்பா, கோணவாக்கு கலையுது" என்பார். நான் முழுசாகப் பட்டம் வாங்கியது மாதா புண்ணியம். ஆனால் ஒரு நாள்கூட அவர் என்னைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை.

அவர் வேலை வேன் ஓட்டுவது. செங்கல்பட்டிலிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் கம்பெனிகளுக்குப் போகிற ஆட்களை ஏற்றி இறக்குவார். வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தத் தலை சீவுகிற ஆள் காணாமல் போய்விடுவார். கண்ணாடியைத் திருத்துவார், பெல்ட் போடச் சொல்லுவார், குழந்தையைத் தூங்கவைப்பது போல பிரேக் பிடிப்பார். யாராவது சீக்கிரம் போகச் சொன்னால், "வண்டில ஜனம் கீது சார்" என்பார். தன் உயிர் என்றால் மட்டும்தான் அவருக்கு விளையாட்டு. அதனால்தான் அவரை யாராலும் முழுசாக வெறுக்க முடியாது. அக்காவால் முடியுமா என்று ஒரு சமயம் எனக்குச் சந்தேகம் வந்தது.

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போவது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் வழக்கம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், முந்தின நாள் கறியில் மிச்சம், எல்லாம் டப்பாக்களில் கட்டிக்கொண்டு போவோம். அன்றைக்குக் கடலில் இறங்கவிட மாட்டார்கள், கரையோரம் தடுப்புக் கட்டை கட்டிவிடுவார்கள். அதனால் கூட்டம் பாறைகள் பக்கம் திரும்பும். உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே கல் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும். பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்குவார்கள். காவலுக்கு நிற்பவர் விசில் ஊதுவார். ஒரு கூட்டம் ஓடும், அடுத்த கூட்டம் ஏறும்.

ஒரு வருடம் காணும் பொங்கலன்று, ஐம்பதைத் தாண்டிய என் மாமா, புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் சாக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். சாக்கைப் போட்டு அதன்மேல் நின்றார். நின்றுகொண்டே சறுக்கினார். நான் மர நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு புளிசாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டது. பிறகு கைதட்டல் நின்ற சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனபோது மாமா சரிவுக்குக் கீழே கிடந்தார். இடது முட்டிக்குக் கீழே கால் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை, குனியவும் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அதில் வந்தவர் கேட்டார், "எப்படி ஆச்சுங்க?"

மாமா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார், "ஆடு குறுக்க வந்துட்ச்சி சார்."

அந்தக் குன்றில் ஆடு மேய்வது உண்மைதான். ஆனால் காணும் பொங்கலன்று அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஆடு வந்திருந்தால் அங்கேயே பிரியாணி ஆகியிருக்கும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அக்காவுக்கு இரண்டும் வரவில்லை.

பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தார். முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டோம். சொந்தக்காரர்கள், கூட வேன் ஓட்டுகிறவர்கள், அவர் ஏற்றி இறக்கிய கம்பெனிக்காரர்கள்கூட ஆப்பிளோடு வந்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். எப்படி ஆச்சு என்றார்கள். மாமா ஆட்டை அவிழ்த்துவிடுவார். ஆடு நாளுக்கு நாள் வளர்ந்து கொம்பெல்லாம் முளைத்துவிட்டது. அப்போது சமையல்கட்டிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"ஆடும் வர்ல, மாடும் வர்ல. நின்னுகினே சறுக்குனாரு. பேரன் எடுக்கற வயசுல."

வந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. ஒருவர், "இன்னாண்ணாத்த, சின்னப் புள்ளயா நீ?" என்பார். இன்னொருவர் தன் மச்சான் ஒருவன் இப்படித்தான் ஆடி ஆடியே முடிந்துபோனான் என்று ஒரு கதை சொல்லுவார். மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அக்கா அவருக்கு எதிலும் குறை வைக்கவில்லை. வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டாள். நேரத்துக்கு மாத்திரை கொடுத்தாள். எலும்பு சூப் வைத்தாள். எல்லாம் செய்தாள், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சாப்பாடு கீது" என்று கதவிடம் சொல்லுவாள். அவர் ஏதாவது கேட்டால் பதிலை என்னிடம் சொல்லுவாள். நான் அங்கே இல்லாதபோது யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. இடது கால். வேனுக்குக் கிளட்ச் மிதிக்கிற கால். முட்டி ஒரு நாற்காலியில் உட்காருகிற அளவுக்காவது மடங்கினால்தான் அவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க முடியும். வேனுக்கு இப்போதைக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். கால் சரியாகிவிட்டால் வாருங்கள் என்றார்கள். சரியாகாவிட்டால் என்ன என்பதை அவர்கள் சொல்லவில்லை. அடுத்த தடவை காட்டப் போவதற்குள் மடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டும், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலை முடிந்ததும் தினமும் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

ஆரம்பத்தில் கத்தினார், என்னை ராட்சசி என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. ஆடும் வருவதை நிறுத்திக்கொண்டது. ஒருநாள் நான் கணுக்காலைப் பிடித்து அழுத்தியபோது அவர் கத்தவே இல்லை. தொடை கல்லாக இறுகியிருந்தது.

"கத்து மாமா" என்றேன்.

"எதுக்குக் கத்தறது? எனக்கு வேணும் பாப்பா. வுட்டுடு, அப்படியே கெடக்கட்டும்."

எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட வார்த்தைதான். அவர் வாயிலிருந்து வந்தபோது கணுக்காலை விட்டுவிட்டேன். வண்டி ஓடும்போது தலை சீவுகிற மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எழுந்து நேராகப் பின்பக்கம் போனேன். அக்கா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லு. சொன்னாதான் அவரு காலு மடங்கும்" என்றேன்.

"இன்னா வார்த்த?"

"பாவம்னு சொல்லு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கொழுப்பெடுத்துப் போயி வுழுந்தவருக்கு இன்னா பாவம்? வேலைக்குப் போறப்ப வுழுந்தாரா? லாரிக்காரன் வந்து இடிச்சானா? நானும் வேணாம் வேணாம்னு கத்தறேன், சாக்க எடுத்துகினு போறாரு."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் கோபத்துக்குப் பஞ்சமில்லை. "எங்கிட்ட வர்றவங்கள எல்லாம் விசாரிச்சி, தப்பு செய்யாதவங்களுக்கு மட்டும்தான் மடக்குவேன்னு நான் சொன்னா, பாதி செங்கல்பட்டு நொண்டிகினுதான் கெடக்கும். அவரு பண்ணது முட்டாத்தனந்தான். யாரு இல்லன்னா? அதுக்காக அந்தக் காலு வலிக்காம பூடுமா?"

அக்கா கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"உனக்கு இன்னாடி தெரியும்? நீ டப்பாவத் தொறந்துகினு இருந்த. வுழுந்தது அவரு. பாத்தது நான்."

அக்கா குழாயைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"கீழ நின்னுகினு இருந்தேன். பாதி தூரம் என்னியே பாத்து சிரிச்சிகினு வந்தாரு. அப்பறம் எது தல எது காலுன்னு தெரியாம உருண்டு வந்து என் காலாண்ட வுழுந்தாரு. கண்ண மூடிகினு கெடந்தாரு. செத்துட்டாருன்னு நெனச்சேன். கண்ணத் தொறக்கற வரைக்கும் எனக்கு அவரு செத்தவருதான். ஊரே வந்து அவர எப்படி கீறன்னு கேட்டுட்டுப் போச்சி. நீ எப்படி கீறன்னு என்னிய ஒருத்தரு கேட்டாங்களா? அவரு கேட்டாரா? கண்ணத் தொறந்து, நான் நிக்கறேன் எதிர்ல, எங்கிட்ட மொதல்ல இன்னா சொன்னாரு தெரியுமா? ஆடுன்னாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் மூடினேன். நான்கூடக் கேட்கவில்லை. தினமும் பஸ் ஏறி வந்து ஒரு முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்கா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அதனால் அவளுக்குப் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் தோளைத் தொட்டேன். "போ அந்தப்பக்கம், கை ஈரம்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் ரகசியம் பேசத் தெரியாது. அந்த வீட்டில் குழாயடியில் பேசினால் முன்னறையில் ஒரு சொல் விடாமல் கேட்கும். நான் உள்ளே போனபோது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அக்கா பாத்திரக் கூடையோடு பின்னாலேயே வந்து, வழக்கம்போல அவரைத் தாண்டிச் சமையல்கட்டுக்குப் போகப் பார்த்தாள்.

"இந்தாம்மா" என்றார் மாமா.

அவள் நின்றாள், திரும்பவில்லை.

"ஆடு வர்ல. நானாதான் வுழுந்தேன்."

"அது எனக்குத் தெரியாதா?" அவர் விழுந்த பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"உனக்குத் தெரியும். உங்கிட்டப் போயி ஆடுன்னு சொன்னேன் பாரு." அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீதாம்மா பாவம். கீழ நின்னு எல்லாத்தையும் பாத்துட்ட நீ."

அக்கா கூடையை அப்படியே தரையில் போட்டாள். பிறகு ஆரம்பித்தாள். யோவ் என்று ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் ஓடுகிற பஸ்ஸில் இவர் தொற்றி ஏறியதில் தொடங்கி, ஏரி நிரம்பியபோது மதகிலிருந்து குதித்தது, கண்ணாடி பார்த்துத் தலை சீவியது, ஈஸ்டர் அன்று கோயில் மணிக்கூண்டில் ஏறியது என்று ஒன்றுவிடாமல் எடுத்துப் போட்டாள். அழுதுகொண்டே திட்டினாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி திட்டினாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில் மட்டும், "மணிக்கூண்டு ஈஸ்டரு இல்ல, கிறிஸ்மஸு" என்றார். அதற்கும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

திட்டி முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி வேடிக்க பாத்துகினு கீற? நீ வந்த வேலயப் பாரு."

நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்தேன். அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலில் ஏறி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நான் அழுத்தினேன். கல்லாக இருந்த தொடை மெதுவாக இளகுவது என் கைக்குத் தெரிந்தது. மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி ஐயோ என்று கத்தினார். முட்டி கொஞ்சம் வளைந்து கொடுத்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தது.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் அக்கா. என்னிடம் அல்ல, அவரிடம் கேட்டாள்.

"உசிரு போவுதும்மா."

"போவாது. நான் புடிச்சிகினு கீறேன்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ மடக்கு" என்றாள்.